ஓரத்திலேயே எண்ணிவிட்டேன்

நான் ரத்த அணு எண்ணிப் பிழைக்கிறவள். முகப்பேரில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேல் மாடியில் இருக்கிற லேப்பில், இருபது வருஷமாக மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வலது கைக்குப் பக்கத்தில் ஒரு கவுண்ட்டர் இருக்கும். ஒவ்வொரு வகை அணுவுக்கும் ஒரு பொத்தான். பார்க்கப் பார்க்க விரல் தானாக அமுக்கும், நூறு ஆனதும் டிங் என்று ஒரு சத்தம் வரும். தூக்கத்தில்கூட என் ஆள்காட்டி விரல் ஆடுகிறது என்று வீட்டுக்காரர் கிண்டல் பண்ணுவார். ஆள்காட்டி விரல்தான் நியூட்ரோபில்லுக்கு.

நியூட்ரோபில் என்பது வெள்ளை அணுவில் ஒரு வகை. உடம்பில் எங்கே கிருமி புகுந்தாலும் முதலில் விழுந்தடித்துக்கொண்டு ஓடிவருவது அதுதான். கிருமியைத் தின்னும், தின்ற கையோடு தானும் வெடித்துச் சாகும். நாம் சீழ் என்று சொல்வதில் பாதி இதன் பிணம்தான். அதன் கரு மூன்று நான்கு துண்டாக, நூலில் கோத்த மாதிரி இருக்கும். லிம்ஃபோசைட் என்று இன்னொன்று உண்டு, சின்னது, உருண்டை, மிளகு மாதிரி கறுப்பாகத் தெரியும். அது நிதானமாக, நாள் கழித்து வரும். இரண்டையும் மாற்றிப் பார்க்க எந்த முட்டாளாலும் முடியாது. நானும் மாற்றிப் பார்க்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நீங்கள் அப்படித்தான் நினைப்பீர்கள்.

மூளையைச் சுற்றி ஒரு தண்ணீர் இருக்கிறது. முதுகெலும்பு வழியாகக் கீழே வரைக்கும் இறங்கும். கழுத்து விறைத்து, தலைவலி தாங்காமல், காய்ச்சலோடு யாராவது வந்தால் டாக்டர் இடுப்புக்குப் பக்கத்தில் ஊசி குத்தி அந்தத் தண்ணீரில் கொஞ்சம் எடுத்து எங்களிடம் அனுப்புவார். நல்ல ஆளுக்கு அது குழாய்த் தண்ணீரைவிடத் தெளிவாக இருக்கும், அணு என்று ஒன்று தேடினாலும் கிடைக்காது. அதில் நியூட்ரோபில் நிறைய இருந்தால் சாதாரண பாக்டீரியா. வீரியமான ஊசி இரண்டு வாரம், ஆள் பெரும்பாலும் எழுந்துவிடுவான். லிம்ஃபோசைட் நிறைய இருந்தால் வைரஸாக இருக்கலாம், டி.பி.யாகவும் இருக்கலாம். டி.பி. என்றால் அது வேறு கதை. மாதக்கணக்கில் மாத்திரை, அதற்குள் கண் போகலாம், புத்தி போகலாம், ஆளே போகலாம். ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் மூளையில் ஏதாவது ஒன்று கெடும். இதில் ஒரு வில்லங்கமும் இருக்கிறது. டி.பி.யிலும் ஆரம்ப நாட்களில் நியூட்ரோபில்தான் முதலில் வந்து நிற்கும். படிக்கும்போது பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். இத்தனையும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

போன வருஷம் மழைக்காலத்தில் என் தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. தம்பி என்றால் எனக்கு ஆறு வயசு சின்னவன், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஃபேக்டரியில் சூப்பர்வைசர், நெமிலிச்சேரியில் வீடு. அவன் ஞாபகசக்தியைப் பற்றி எங்கள் குடும்பத்தில் ஒரு பேச்சே உண்டு. சொந்தக்காரர்கள் எல்லார் போன் நம்பரும் அவனுக்கு மனப்பாடம். நாங்கள் யாரும் எதையும் போனில் பதிந்து வைத்ததில்லை, அவனைக் கேட்டால் போதும். கோயில் பாட்டுப் புத்தகத்தில் எந்தப் பாட்டு எத்தனையாவது பக்கம் என்றுகூடச் சொல்வான். என் கல்யாண நாளை என் வீட்டுக்காரர் மறந்தாலும் காலையில் ஆறு மணிக்கு அவன் போன் வந்துவிடும். "இன்னாக்கா, மாமா இன்னும் தூங்கிகினு கீறாரா? எழுப்பிச் சொல்லு, இன்னைக்கு இன்னா நாளுன்னு."

காய்ச்சல் என்று மெடிக்கலில் வாங்கி மாத்திரை போட்டுக்கொண்டான். குறைந்தது, திரும்ப வந்தது. இன்னொரு கடையில் வேறு மாத்திரை. பத்து நாள் ஓடிவிட்டது. பதினோராம் நாள் காலையில் வாந்தி, வெளிச்சத்தைப் பார்த்தால் கண் கூசுகிறது என்று போர்வையைப் போர்த்திப் படுத்துவிட்டான். அவன் பெண்டாட்டி பயந்துபோய்ப் பக்கத்தில் இருந்த ஒரு நர்சிங் ஹோமில் சேர்த்தாள். டாக்டர் கழுத்தை மடக்கிப் பார்த்து, முதுகில் தண்ணீர் எடுத்து, எங்கள் லேப்புக்கே அனுப்பிவைத்தார்.

மத்தியானம் இரண்டு மணி இருக்கும். வந்த சாம்பிள் குழாயில் அவன் பெயர் ஒட்டியிருந்தது.

எங்கள் லேப்பில் எழுதி ஒட்டாத ஒரு சட்டம் உண்டு. சொந்தக்காரங்க சாம்பிளைச் சொந்தக்காரங்க தொடக் கூடாது. கை நடுங்கும் என்பதற்காக இல்லை. கண் தனக்கு வேண்டியதைப் பார்க்கும் என்பதற்காக. என்னோடு வேலை பார்க்கிறவள் அவள் மாமியாரின் ரத்தத்தைக்கூட என்னிடம்தான் தருவாள். அன்றைக்கு அவள் கையை நீட்டினாள். "அக்கா, குடுங்க. நான் பாக்குறேன். நீங்க போய் உக்காருங்க."

"சும்மா கெட. என் தம்பி. உன்கிட்ட குடுத்துட்டு நான் வேடிக்கை பாக்கணுமா?" என்று எரிந்து விழுந்தேன். அவள் முகம் சுண்டிப்போய் அந்தப் பக்கம் போனாள். அந்த ஒரு வார்த்தையை நான் விழுங்கியிருந்தால் போதும், இந்தக் கதையே இல்லை.

தண்ணீர் கொஞ்சமாகத்தான் வந்திருந்தது, லேசாக மங்கல். அணுக்கள் இருக்கக் கூடாத அளவுக்கு இருந்தன. மெஷினில் சுழற்றி, அடியில் தங்கியதை ஸ்லைடில் தேய்த்து, சாயம் போட்டுக் காயவைத்தேன். காயும்வரை ஜெபமாலை உருட்டினேன். என்ன ஜெபித்தேன் என்று சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். மாதாவே, நியூட்ரோபில்லாக இருக்கட்டும் என்று ஜெபித்தேன். எந்த மாதா கோயிலிலும் இப்படி ஒரு மன்றாட்டு இதுவரை போயிருக்காது.

எங்கள் அப்பா டி.பி.யில் செத்தவர். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது பட்டாபிராமில் ஒரே ரூமில், அவர் இருமலைக் கேட்டுக்கொண்டேதான் தூங்கினோம். தெருவில் எங்களோடு யாரும் விளையாட வரமாட்டார்கள். அம்மா சாகிறவரைக்கும் அந்த இரண்டு எழுத்தை வாயால் சொன்னதில்லை, "அப்பாவோட சீக்கு" என்றுதான் சொல்வாள். நானும் அப்படித்தான். வேலையில் ஆயிரம் தடவை எழுதுவேன், வீட்டுக்குள் வந்தால் நாக்கு வராது. அந்தச் சீக்கு என் தம்பி தலைக்குள் போயிருக்கும் என்று நினைக்கவே நான் தயாராக இல்லை.

மைக்ராஸ்கோப்பில் ஸ்லைடை வைத்தேன். கண்ணில் பட்டதே நியூட்ரோபில் கூட்டம்தான். ஆள்காட்டி விரல் பட் பட் என்று ஓடியது. அப்படியே அந்தப் பக்கமாகவே நகர்த்திக்கொண்டு போனேன். டிங். நூற்றில் முக்கால்வாசிக்கு மேல் நியூட்ரோபில். "அப்பாடா, ஆண்டவரே!" என்று சத்தமாகவே சொன்னேன். அந்தப் பக்கம் இருந்தவள் திரும்பிப் பார்த்தாள். எனக்குக் கண்ணில் தண்ணீர்.

கிருமி ஏதாவது தெரிகிறதா என்று இன்னொரு ஸ்லைடு பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. அதற்கும் என்னிடம் காரணம் ரெடி. மெடிக்கல் மாத்திரை தின்றிருக்கிறான் இல்லையா, அதில் கிருமி செத்திருக்கும். பத்து நாள் காய்ச்சல் ஏன் என்றால், அதற்கும் அதே மாத்திரை, பாதி அடங்கிப் பாதி ஏறியிருக்கும். எல்லாக் கேள்விக்கும் நானே பதில் சொல்லிக்கொண்டேன். பரீட்சையில் எழுதிய அந்த ஒரு வரியை மட்டும் அன்றைக்கு நான் ஞாபகத்துக்கு வரவிடவில்லை.

டாக்டர் போன் பண்ணினார். "மேடம், தண்ணி கம்மியாத்தான் எடுக்க முடிஞ்சுது. மிச்சத்தை எதுக்குப் போடலாம்? கல்ச்சரா, டி.பி. டெஸ்ட்டா? ரெண்டுக்கும் பத்தாதே."

"நியூட்ரோபில் டாக்டர். பூரா நியூட்ரோபில். கல்ச்சருக்கே போட்டுடறேன்."

"நீங்களே பாத்தீங்களா?"

"நானே பாத்தேன்."

"அப்ப சரி" என்று வைத்துவிட்டார். அந்த 'அப்ப சரி' இருபது வருஷம் உழைத்து நான் சம்பாதித்தது. சாயங்காலம் வந்த எங்கள் பெத்தாலஜிஸ்ட் மேடமும் நான் எழுதியதைப் பார்த்து, ஸ்லைடைத் தொடாமலேயே கையெழுத்துப் போட்டார். மிச்சம் இருந்த தண்ணீரைக் கடைசிச் சொட்டுவரை, சாதாரண பாக்டீரியாவை வளர்த்துப் பார்க்கிற கல்ச்சர் பாட்டிலில் விட்டேன். டி.பி. டெஸ்ட்டுக்கு ஒரு துளி வைக்கவில்லை.

அன்றைக்கே ஊசி ஆரம்பித்தார்கள், கூடவே மூளை வீக்கத்துக்கு ஸ்டீராய்டும். இரண்டே நாளில் காய்ச்சல் இறங்கியது. தலைவலி குறைந்தது. தம்பி உட்கார்ந்து இட்லி கேட்டான். அவன் பெண்டாட்டி என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "அண்ணி, நீங்க இல்லன்னா நான் எங்க போயிருப்பேன்?" எனக்குப் பெருமை தாங்கவில்லை. வார்டில் நர்ஸிடம் போய், "நியூட்ரோபில்தான் சிஸ்டர், நான் அன்னைக்கே சொன்னேனே" என்று பீற்றிக்கொண்டேன். காய்ச்சலை இறக்கியது ஸ்டீராய்டு. அது யாருக்குக் கொடுத்தாலும் இரண்டு நாள் இறக்கும்.

ஐந்தாம் நாள் ஒரே ஆள் இரண்டாகத் தெரிகிறான் என்றான். ஆறாம் நாள் இடது கண் வெளிப்பக்கம் ஒதுங்கியது, கூப்பிட்டால் முழித்துப் பார்த்துவிட்டுத் திரும்பத் தூங்கினான். ஏழாம் நாள் கூப்பிட்டாலும் முழிக்கவில்லை. ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஸ்கேனில் மூளைக்குள் தண்ணீர் தேங்கி வீங்கியிருந்தது. அங்கே ஊசி போட்டு எடுத்த தண்ணீரில் இந்தத் தடவை பெரும்பாலும் லிம்ஃபோசைட். டி.பி. டெஸ்ட் பாசிட்டிவ். காரிடாரில் நின்ற சின்ன வயசு டாக்டர் ஒருத்தர் பேப்பரைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு வாரம் முன்னாடி ஆரம்பிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றார். யாரையும் குற்றம் சொல்கிற குரல் இல்லை. மழை இன்னும் நிற்கவில்லையா என்று கேட்கிற மாதிரி சொன்னார்.

தலையில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள். அவன் கண் திறக்கவே பல வாரம் ஆயிற்று. நான் லேப்புக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடைப்பிணமாக அலைந்தேன். அப்போதும் மனசுக்குள் ஒரு சமாதானம் வைத்திருந்தேன். ஆரம்பத்தில் டி.பி.யிலும் நியூட்ரோபில் வரும், யார் பார்த்திருந்தாலும் ஏமாந்திருப்பார்கள், ஸ்லைடில் இருந்ததைத்தான் நான் எண்ணினேன். அந்தச் சின்ன டாக்டரிடம்கூடக் கேட்டேன். "ஆமா மேடம், வரும். கை தேர்ந்தவங்களே ஏமாந்திருக்காங்க" என்றார். அதைப் பிடித்துக்கொண்டுதான் சோறு இறங்கியது.

பழைய ஸ்லைடுகளைப் பெட்டியில் போட்டுக் கொஞ்ச காலம் வைத்திருப்போம், அப்புறம் தூக்கிப்போட்டுவிடுவோம். அந்தப் பெட்டியைக் காலி பண்ணுகிற நாள் வந்தது. தம்பியின் ஸ்லைடைத் தனியாக எடுத்தேன். ஏன் எடுத்தேனோ, போய்த் தொலையட்டும் என்று விட்டிருக்கலாம். லேப்பில் யாரும் இல்லாத சாப்பாட்டு நேரத்தில் மைக்ராஸ்கோப்பில் வைத்தேன்.

ஒரு சொட்டை ஸ்லைடில் இழுத்துத் தேய்க்கும்போது பெரிய அணுக்கள் ஓரத்துக்குத் தள்ளப்படும். நியூட்ரோபில் பெரியது. சின்ன லிம்ஃபோசைட் நடுவிலேயே தங்கிவிடும். அதனால் ஓரத்திலிருந்து நடுவுக்கு, நடுவிலிருந்து ஓரத்துக்கு என்று வளைந்து வளைந்து போய்த்தான் எண்ண வேண்டும். புதிதாக வேலைக்கு வருகிற பெண்களுக்கு முதல் நாள் நானே இதைச் சொல்லித்தருவேன். ஓரத்திலேயே நின்று எண்ணினால் கையில் அடிப்பேன், விளையாட்டாக.

அன்றைக்கு ஓரத்தில்தான் முதலில் கண் பட்டது. பட்ட இடத்தை விட்டு நான் நகரவே இல்லை. ஓரமாகவே போயிருக்கிறேன், நூறும் முடிகிறவரைக்கும். இப்போது ஸ்லைடை நடுவுக்கு நகர்த்தினேன். கறுப்பு மிளகுகள். எங்கே பார்த்தாலும். ஒழுங்காக எண்ணினேன். டிங் அடித்தபோது பாதிக்குப் பாதி. பாதிக்குப் பாதி என்று எழுதியிருந்தால் எந்த டாக்டரும் ஒரு நிமிஷம் யோசிப்பார். மிச்சத் தண்ணீர் டி.பி. டெஸ்ட்டுக்குப் போயிருக்கும். முதல் நாளே மருந்து ஆரம்பித்திருப்பார்கள்.

பாவி, பாவி என்று தலையில் அடித்துக்கொண்டேன். அந்தச் சின்ன டாக்டர் சொன்ன கை தேர்ந்தவர்களில் நான் இல்லை. அவர்கள் ஏமாந்தார்கள். நான் பார்க்க மறுத்தேன்.

ஸ்லைடைத் துடைக்கிற பேப்பரில் சுற்றி, பர்ஸில் மாதா படத்துக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்காரரிடம்கூட.

தம்பி பிழைத்தான். எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள், பிழைத்தானே, அது போதாதா என்று. இடது கால் இழுக்கும். இடது கண் இன்னும் கொஞ்சம் வெளியே ஒதுங்கித்தான் இருக்கிறது. பழசெல்லாம் அவனுக்கு ஞாபகம் இருக்கிறது, அப்பா இருமல், எங்கள் கல்யாணங்கள், பெரியம்மா வீட்டு போன் நம்பர், எல்லாம். புதிதாக எதுவும் நிற்பதில்லை. காலையில் என்ன தின்றான் என்று பத்து மணிக்குத் தெரியாது. தலையில் ஏன் தழும்பு என்று தினமும் கேட்பான். தினமும் சொல்ல வேண்டும், தினமும் முதல் தடவை கேட்கிற மாதிரி அதிர்ந்துபோவான். அதைப் பார்க்கிறவர்களுக்குத்தான் தெரியும், பிழைப்பது என்றால் என்ன என்று.

அவன் பெண்டாட்டி ஒரு நோட்டு வைத்திருக்கிறாள். பயிற்சி கொடுக்க வருகிற பெண் வைக்கச் சொன்னது. ஒவ்வொரு பக்கத்திலும் மேலே தேதி, கீழே ஒரே கேள்வி: இந்தச் சில நாளில் நடந்த ஏதாவது ஒன்று தானாக ஞாபகம் வந்ததா? அதற்கு எதிரே இல்லை, இல்லை, இல்லை என்று அவள் கையெழுத்தில் பக்கம் பக்கமாகப் போகும். "ஒரு தடவை வந்துட்டா போதும் அண்ணி. அப்புறம் ஒவ்வொண்ணா வரும்னு சொல்லியிருக்காங்க" என்பாள். அந்த ஒரு தடவைக்காக ஒன்பது வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்தாள். மெலிந்து கையில் வளையல் நிற்காமல் முழங்கைவரை ஏறி இறங்கும்.

நான் ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனம் பண்ணினேன். முழங்கால் போட்டு, ஸ்லைடு, ஓரம், நடு என்று எல்லாம் சொன்னேன். அவருக்குப் பாதி புரியவில்லை. "வேலையில தவறு நடக்கும்மா. மனசறிஞ்சு செஞ்சாத்தான் பாவம். மூணு அருள் நிறைந்த மரியே செபம் சொல்லு" என்றார். மூன்று! சொன்னேன். எழுந்து வெளியே வந்தபோது உள்ளே போனதைவிடக் கனமாக இருந்தது. மன்னிக்க வேண்டியவன் நெமிலிச்சேரியில் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருக்கிறான், இவர் யார் மன்னிக்க என்று கோபம்தான் வந்தது.

ஒவ்வொரு ஞாயிறும் காலைப் பூசையை முடித்துக்கொண்டு அம்பத்தூரில் மின்சார ரயில் ஏறி அவன் வீட்டுக்குப் போவேன். "நீ பூசைக்குப் போய்ட்டு வாம்மா, நான் இவனைப் பாத்துக்கறேன்" என்று அவளை அனுப்பிவைப்பேன். வாரத்தில் அவள் வெளியே போகிற ஒரே நேரம் அதுதான். "நீங்க தெய்வம் அண்ணி" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடுவாள்.

முதல் தடவை தானாகத்தான் வாய்விட்டேன். "எனக்கு இன்னாக்கா ஆச்சு? நீதானே ரிப்போர்ட் பாத்தே?" என்று கேட்டான். நான் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். ஓரத்தில் பார்த்தேன், நடுவில் பார்க்கவில்லை, உனக்கு ஒரு வாரம் மருந்து இல்லாமல் பண்ணிவிட்டேன் என்று. அவன் முழுசும் கேட்டான். அப்புறம், "அட, உடுக்கா. வோணும்னா செஞ்சே?" என்றான். என் தலையில் கை வைத்தான். நான் அவன் மடியில் விழுந்து அழுதேன். மாதக்கணக்கில் விடாத மூச்சை அன்றைக்கு விட்டேன். பத்து நிமிஷம் கழித்து, "இன்னாக்கா கண்ணெல்லாம் செவந்து கீது? எப்ப வந்தே?" என்றான்.

அடுத்த ஞாயிறு மறுபடி சொன்னேன். அதற்கடுத்த ஞாயிறும். மன்னிப்பு அவன் ஞாபகத்தில் நிற்கவில்லை, அதனால் எனக்கும் நிற்கவில்லை. சில வாரம் சிரித்தான். ஒரு வாரம் சேரை விட்டு எழ முயற்சி பண்ணி, "போயிடு, என் மூஞ்சில முழிக்காத" என்று கத்தினான். அதுவும் பத்து நிமிஷம்தான். அதற்குப் பிறகு காபி கேட்டான். ஒரு வாரம் தன் இடது காலைத் தடவிக்கொண்டே இருந்தான். அந்த வாரம்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஆனாலும் போனேன். கேவலம்தான், எனக்குத் தெரியும். ஒரு நோயாளித் தம்பியின் நெஞ்சை வாராவாரம் உடைத்து, அவன் மறந்துபோவதை வசதியாக வைத்துக்கொண்டு, அவன் பெண்டாட்டியைச் சாமி கும்பிட அனுப்பிவிட்டு, ஓசியில் மன்னிப்பு வாங்கிக்கொண்டு திரும்புகிறவள் நான். ரயிலில் வரும்போது கொஞ்சம் லேசாக இருக்கும். ஆவடி தாண்டுவதற்குள் பழையபடி கனக்கும்.

போன ஞாயிறும் அப்படித்தான் போனேன். அவள் பூசைக்குக் கிளம்பினாள். நான் அவன் எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கேட்டுக்கு வெளியே ரயில் போகிற சத்தம் அடங்கட்டும் என்று காத்திருந்தேன். "டேய், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தேன்.

அவன் கையைத் தூக்கி நிறுத்தினான். "தெரியும்க்கா. ஓரத்துல எண்ணிட்டே. நடுவுல பாக்கல."

"யார்டா சொன்னது?"

"நீதான். அன்னைக்குக்கூட அழுதியே. பச்சைப் புடவை கட்டிகினு."

பச்சைப் புடவை அதற்கு முந்தின ஞாயிறு கட்டியது.

அவன் ஞாபகம் திரும்பிவிட்டது. என்னைத் தவிர வேறு யாராக இருந்தாலும் அந்த நிமிஷம் எழுந்து கூத்தாடியிருப்பார்கள். நான் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே இருந்தேன். பத்து நிமிஷம் ஆகட்டும், மறந்துவிடுவான் என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஆமாம், அப்படித்தான் பார்த்தேன். என் தம்பி மறந்துபோக வேண்டும் என்று ஆசைப்பட்டேன். பத்து நிமிஷம் ஆயிற்று, இருபது ஆயிற்று. அவன் என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கோபம் இருந்ததா, இரக்கமா என்று எனக்குப் படிக்கத் தெரியவில்லை. "எத்தினி தபா சொன்னேக்கா?" என்று மட்டும் கேட்டான்.

கேட் திறக்கிற சத்தம் கேட்டது. அவள் பூசை முடிந்து வந்தாள். எங்கள் இரண்டு பேர் மூஞ்சியையும் பார்த்து அப்படியே நின்றாள். "என்ன அண்ணி? என்ன ஆச்சு?"

பொய் சொல்ல நேரம் இருந்தது. ஒன்றுமில்லம்மா என்றால் நம்பியிருப்பாள். "இவனுக்குப் போன வாரம் நடந்தது ஞாபகம் வந்துடுச்சும்மா" என்றேன்.

அவள் ஐயோ என்றாள், மாதாவே என்றாள், தலையில் இருந்த முக்காடு நழுவியதைக்கூடக் கவனிக்காமல் அவன் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. உள்ளே ஓடி நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு வந்து தரையிலேயே உட்கார்ந்தாள். மேலே தேதி போட்டாள். கேள்விக்கு எதிரே முதல் தடவையாக 'ஆம்' என்று எழுதி, அதன் அடியில் இரண்டு கோடு இழுத்தாள்.

"என்ன ஞாபகம் வந்துச்சு? அவர் சொன்னதை அப்படியே சொல்லுங்க அண்ணி. ஒரு வார்த்தை விடாம எழுதணும்னு சொல்லியிருக்காங்க."

தம்பி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான், வேண்டாம் என்று.

நான் சொல்ல ஆரம்பித்தேன். அவள் சிரித்துக்கொண்டே எழுதினாள். மூன்றாவது வரியில் பேனா நின்றது.